சதுரமும் வரியும்: பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் கிழக்காசிய எழுத்துகளை அமைக்கும் நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளின் எழுத்துகளைப் பக்கத்தில் அமைக்கும் முறை உரோமன் எழுத்துகளை அமைக்கும் முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இக்கட்டுரை ஜப்பானிய அச்சுமரபை முதன்மைச் சான்றாகக் கொண்டு, எழுத்துச் சதுரம், நிறுத்தக்குறி இடைவெளி, வரிமுறிப்பு விலக்கு, செங்குத்து வரி, ஒலிப்புக் குறிப்பு, வரிவடிவ வேறுபாடு ஆகிய ஆறு கூறுகளைப் பக்க வடிவமைப்பு மென்பொருள் எவ்வாறு கையாளுகிறது என விளக்குகிறது. சொல்லப்படாத கைவழக்கை மென்பொருளால் பின்பற்ற இயலாது. எழுதிவைக்கப்பட்ட நெறியையே அது பின்பற்றும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பக்க வடிவமைப்பு, கிழக்காசிய எழுத்துகள், செங்குத்து வரி, வரிமுறிப்பு, ரூபி, யூனிகோடு, அச்சுக்கோப்பு.

1. முன்னுரை

கணினிவழிப் பக்க வடிவமைப்பு மூன்று எடுகோள்களின்மீது எழுந்தது. எழுத்துகள் வெவ்வேறு அகலம் உடையவை. அவை ஓர் அடிக்கோட்டின்மீது அமர்பவை என்பது முதலாவது. சொற்களுக்கிடையே வெற்றிடம் உண்டு. வரியை அங்கே முறிக்கலாம் என்பது இரண்டாவது. வரியை இருபுறமும் சீராக்க அவ்வெற்றிடத்தை விரிக்கவோ சுருக்கவோ செய்யலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் உரோமன் எழுத்துமரபிலிருந்து பெறப்பட்டவை.

ஜப்பானியத்திலும் சீனத்திலும் இம்மூன்றும் பொருந்துவதில்லை. அங்கு எழுத்துகள் பெரும்பாலும் ஒரே அகலமும் உயரமும் உடைய சதுரங்களில் அமைகின்றன. சொற்களுக்கிடையே வெற்றிடம் இடும் வழக்கம் இல்லை. வரி இடமிருந்து வலமாகவும் செல்லலாம். மேலிருந்து கீழாகவும் செல்லலாம். எனவே, உரோமன் எழுத்துக்கென இயற்றப்பட்ட மென்பொருளில் கிழக்காசிய எழுத்துருவை நிறுவுவது மட்டும் போதுமானதன்று. எழுத்துகள் திரையில் தோன்றும். ஆனால் பக்கம் உருவாகாது. மூடும் அடைப்புக்குறி வரியின் தொடக்கத்தில் தனித்து நிற்பதும், செங்குத்து வரியில் முற்றுப்புள்ளி இடப்பக்கக் கீழ்மூலையில் கிடப்பதும் அத்தகைய பக்கத்தின் அடையாளங்களாகும்.

2. ஈய அச்சிலிருந்து கணினிக்கு

ஜப்பானின் நவீன அச்சுக்கோப்பு மரபு நாகசாகியில் தொடங்குகிறது. சாங்காயில் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மிஷன் அச்சகத்தை நடத்திய வில்லியம் கேம்பிள் 1869இல் அங்கு வந்து, மோத்தோகி ஷோசோவுக்கும் அவர்தம் குழுவினருக்கும் ஈய எழுத்து வார்க்கும் முறையைக் கற்பித்தார். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சதுர ஈயக்கட்டையாக வார்க்கப்பட்டது. கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கினால் வரி முழுமை பெறும். இவ்வாறு நெருக்கி அடுக்குவதை ஜப்பானியர் 'பெத்தாகுமி' என்பர்.

1924இல் இஷீ மோகிச்சியும் மொரிசாவா நொபுவோவும் ஜப்பானிய எழுத்துகளுக்கான ஒளியச்சுக்கோப்புப் பொறிக்குக் காப்புரிமை கோரினர். ஈயம் மறைந்தாலும் சதுரம் நிலைத்தது. இப்பொறி மரபு வழங்கிய 'கியூ' என்னும் அலகு இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு கியூ என்பது கால் மில்லிமீட்டர். எழுத்தின் அளவைக் கியூவாலும், வரி நகர்வை அதே கால் மில்லிமீட்டர் அளவுள்ள 'ஹா' என்னும் அலகாலும் குறிப்பர். 'ஹா' என்பது பற்சக்கரத்தின் பல்லைக் குறிக்கும் சொல்லாகும்.

1989இல் மொரிசாவா நிறுவனத்தின் இரண்டு எழுத்துருக்களைத் தாங்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறி ஜப்பானில் வெளிவந்தபின் மேசைக்கணினி அச்சுக்கோப்பு வளர்ந்தது. 2001இல் வெளிவந்த இன்டிசைன் மென்பொருளின் ஜப்பானியப் பதிப்பு, ஈய அச்சும் ஒளியச்சும் வளர்த்த நெறிகளைத் தன் உள்ளமைப்பிலேயே கொண்டிருந்தது. பின்வரும் பகுதிகள் அந்நெறிகளை ஒவ்வொன்றாக விளக்குகின்றன.

3. சதுரமே அலகு

எழுத்தளவுக்குச் சமமான நீளம் 'எம்' எனப்படும். கிழக்காசிய எழுத்து ஒவ்வொன்றும் ஓர் எம் அகலமும் ஓர் எம் உயரமும் உடைய கற்பனைச் சதுரத்துள் அமைகிறது. எழுத்தின் கோடுகள் அச்சதுரத்தின் விளிம்பைத் தொடுவதில்லை. உள்ளேயே சிறிது இடம் விட்டு நிற்கின்றன. ஆகவே சதுரங்களை ஒட்டி அடுக்கினாலும் எழுத்துகள் ஒன்றோடொன்று இடிப்பதில்லை.

இதன் விளைவாக, பக்கத்தைத் திட்டமிடும் முறையே மாறுகிறது. உரோமன் மரபில் வடிவமைப்பாளர் முதலில் ஓரங்களை வரையறுத்து, எஞ்சிய பரப்பில் எழுத்தை நிரப்புவார். ஜப்பானிய மரபிலோ எழுத்தளவு, வரியொன்றுக்கு எழுத்துகளின் எண்ணிக்கை, பக்கமொன்றுக்கு வரிகளின் எண்ணிக்கை ஆகியவை முதலில் முடிவாகின்றன. அவற்றிலிருந்தே பத்தியின் பரப்பு பிறக்கிறது. ஓரம் என்பது எஞ்சியது.

எடுத்துக்காட்டாக, 128 மி.மீ. அகலமும் 182 மி.மீ. உயரமும் உடைய ஜப்பானிய பி6 தாளில் செங்குத்து வரியாக ஒரு நூலை அமைப்பதாகக் கொள்வோம். எழுத்தளவு 13 கியூ, அதாவது 3.25 மி.மீ. வரியொன்றுக்கு 42 எழுத்துகள் எனில் வரியின் நீளம் 136.5 மி.மீ. ஆகும். வரி நகர்வு 22 ஹா, அதாவது 5.5 மி.மீ.; பக்கத்துக்கு 16 வரிகள் எனில் பரப்பின் அகலம் 85.75 மி.மீ. ஆகும். மேலும் கீழுமாக 45.5 மி.மீ., இருபக்கமுமாக 42.25 மி.மீ. ஓரங்களாகப் பிரிகின்றன.

இன்டிசைனின் 'சட்டகக் கட்டம்' என்னும் கூறு இக்கணக்கையே செய்கிறது. பயனர் எழுத்துருவையும் அளவையும் எண்ணிக்கைகளையும் கொடுத்தால், கட்டங்கள் வரையப்பட்ட சட்டகம் உருவாகிறது. கட்டமிட்ட கையெழுத்துத் தாளில் எழுதிப் பழகிய ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் அது அறிமுகமான காட்சியாகும். ஒரு படைப்பின் நீளத்தை அவர்கள் சொற்களால் அளப்பதில்லை, எழுத்துகளால் அளக்கின்றனர்.

ஒரே வரியில் வெவ்வேறு அளவுள்ள எழுத்துகள் வரும்போது அவற்றை எதனோடு ஒருங்கமைப்பது என்பதும் இங்கு எழும் வினாவாகும். உரோமன் எழுத்துகள் அடிக்கோட்டில் ஒருங்கமையும். கிழக்காசிய எழுத்துகளுக்குச் சதுரத்தின் மையமே இயல்பான அச்சு. ஆதலால் மென்பொருள் அடிக்கோடு, சதுரத்தின் மேல்விளிம்பு, மையம், கீழ்விளிம்பு எனப் பல தெரிவுகளைத் தருகிறது.

4. நிறுத்தக்குறிகளின் இடைவெளி

காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஆகியவை அரை எம் அளவே உடையவை. எஞ்சிய அரை எம் வெற்றிடமாகும். மூடும் குறிகளுக்குப் பின்னும் திறக்கும் குறிகளுக்கு முன்னும் அவ்வெற்றிடம் அமைந்து, குறியும் வெற்றிடமும் சேர்ந்து ஒரு சதுரத்தை நிரப்புகின்றன. நடுப்புள்ளிக்கு இருபுறமும் கால் எம் வெற்றிடம் உண்டு.

இரண்டு குறிகள் அடுத்தடுத்து வரும்போது சிக்கல் தோன்றுகிறது. மூடும் அடைப்புக்குறியை அடுத்துத் திறக்கும் அடைப்புக்குறி வந்தால், முன்னதன் அரை எம்மும் பின்னதன் அரை எம்மும் சேர்ந்து ஓர் எம் வெற்றிடமாகிவிடும். வரியின் நடுவில் ஓட்டை விழுந்தாற்போல் தோன்றும். எனவே அதனை அரை எம்மாகக் குறைப்பது நெறி. மூடும் அடைப்புக்குறியை அடுத்துக் காற்புள்ளி வந்தால், இரண்டும் ஒட்டி நிற்க, காற்புள்ளிக்குப் பின் மட்டும் அரை எம் விடப்படும். ஜப்பானிய எழுத்துக்கும் உரோமன் எழுத்துக்கும் இடையே கால் எம் விடுவது வழக்கம்.

இவ்விடைவெளி நெறிகளின் தொகுப்பு 'மொஜிகுமி' எனப்படும். மென்பொருள் எழுத்துகளை வகைகளாகப் பிரித்து, எந்த வகையை அடுத்து எந்த வகை வந்தால் எவ்வளவு இடைவெளி என்பதை ஓர் அட்டவணையாக வைத்துள்ளது. அவ்வட்டவணையில் ஒவ்வோர் இணைக்கும் இயல்பளவு, குறைந்த அளவு, மிகுந்த அளவு என மூன்று மதிப்புகள் உண்டு. தமிழ்ப் புணர்ச்சி நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் நோக்குவதுபோல, மொஜிகுமி முன்னெழுத்தின் வகையையும் பின்னெழுத்தின் வகையையும் நோக்குகிறது எனலாம்.

5. வரித் தொடக்கமும் வரி இறுதியும்

சொல்லிடைவெளி இல்லாத எழுத்துமுறையில் வரியை எங்கு வேண்டுமானாலும் முறிக்கலாம் எனத் தோன்றும். ஆயினும் விலக்குகள் உள. மூடும் அடைப்புக்குறி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவை வரியைத் தொடங்கலாகா. திறக்கும் அடைப்புக்குறி வரியை முடிக்கலாகாது. இரண்டு எம் நீளமுள்ள கோட்டை இரு வரிகளாகப் பிளக்கலாகாது. இவ்விலக்குகள் 'கின்சோக்கு' எனப்படும்.

சிற்றுருவக் கானா எழுத்துகளும் நெடில் குறிக்கும் கோடும் வரியைத் தொடங்கலாமா என்பதில் பதிப்பகங்களிடையே வேறுபாடு உண்டு. இன்டிசைனில் 'வன்மை', 'மென்மை' என இரு விலக்குத் தொகுப்புகள் தரப்பட்டுள்ளன. வன்தொகுப்பு அவற்றை விலக்கும், மென்தொகுப்பு அனுமதிக்கும். குறுகிய பத்திகளில் விலக்குகள் மிகுந்தால் எழுத்திடைவெளி சீர்கெடும் என்பதே மென்தொகுப்புக்கான காரணம்.

விலக்கைக் காப்பதற்கு மூன்று வழிகள் உள. மேற்கூறிய 42 எழுத்து வரியில் 43ஆம் எழுத்தாக முற்றுப்புள்ளி வருவதாகக் கொள்வோம். முதல் வழி உள்ளிழுத்தல்: வரி இறுதியில் முற்றுப்புள்ளிக்குப் பின்னுள்ள வெற்றிடத்தை நீக்கலாம் ஆதலால் அரை எம் இடமே தேவை. வரியிலுள்ள இரண்டு காற்புள்ளிகளின் பின்னுள்ள வெற்றிடத்தைக் கால் எம் வீதம் குறைத்தால் அது கிடைத்துவிடும். இரண்டாம் வழி வெளித்தள்ளல்: 42ஆம் எழுத்தையும் முற்றுப்புள்ளியோடு அடுத்த வரிக்கு அனுப்பி, விளைந்த ஓர் எம் வெற்றிடத்தை எஞ்சிய 41 எழுத்துகளின் 40 இடைவெளிகளுக்குப் பகிர்தல். 13 கியூ அளவில் ஒவ்வோர் இடைவெளிக்கும் சேர்வது ஏறத்தாழ 0.08 மி.மீ. மட்டுமே. மூன்றாம் வழி தொங்கவிடல்: முற்றுப்புள்ளியை வரியின் எல்லைக்கு அப்பால் ஓரத்தில் நிறுத்துதல், இது 'புராசாகரி' எனப்படும்.

எவ்வழியை முதலில் முயல்வது என்பது பயனரின் தெரிவு. ஒரே எழுத்துருவும் ஒரே அளவும் இருப்பினும், இத்தெரிவு மாறினால் வரிமுறிவுகள் மாறும். பக்க எண்களும் மாறக்கூடும். பல ஆசிரியர்கள் இயல்களை எழுதும் ஒரு நூலுக்கு இவ்வமைப்பைத் தொடக்கத்திலேயே ஒருமுகமாக வகுக்க வேண்டுவதன் காரணம் இதுவே.

6. செங்குத்து வரி

செங்குத்து வரி என்பது கிடைவரியைத் திருப்பி வைப்பதன்று. சீன எழுத்துகளும் கானா எழுத்துகளும் நிமிர்ந்தே நிற்கும். அடைப்புக்குறிகள் சுழலும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சுழல்வதில்லை. சதுரத்தின் இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து வலப்பக்க மேல்மூலைக்கு இடம்பெயரும். சிற்றுருவக் கானாவும் வலப்பக்கம் நகரும். நெடில் கோடு நெடுக்காக மாறும். எனவே எழுத்துருவில் இவற்றுக்குத் தனி வரிவடிவங்கள் வேண்டும். ஓபன்டைப் எழுத்துருக்களில் செங்குத்துப் பதிலி என்னும் பண்பு இதற்கென அமைந்துள்ளது. எவ்வெழுத்து நிமிரும், எது சுழலும், எதற்குத் தனி வடிவம் வேண்டும் என்பதை யூனிகோடு தரத்தின் 50ஆம் இணைப்பு எழுத்துவாரியாக வகுத்துள்ளது.

2019இல் ஜப்பானில் ரெய்வா ஆட்சிக்காலம் தொடங்கியபோது, அப்பெயரின் இரு எழுத்துகளையும் ஒரு சதுரத்துள் அடக்கிய குறியீட்டுக்காகவே யூனிகோடு 12.1 பதிப்பு வெளியிடப்பட்டது. யூனிகோடு ஓர் எண்ணைச் சேர்த்தது. அடோபியின் ஜப்பானிய வரிவடிவத் தொகுப்போ 23,058இலிருந்து 23,060ஆக உயர்ந்தது. கிடைவரிக்கு ஒன்று, செங்குத்து வரிக்கு ஒன்று என இரண்டு வடிவங்கள் தேவைப்பட்டன.

எண்களை அமைப்பது செங்குத்து வரியின் மற்றொரு சிக்கல். 12 என்னும் எண்ணைச் செங்குத்து வரியில் அப்படியே இட்டால் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். இலக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினால் ஒன்று, இரண்டு எனத் தனித்தனியே படிக்கப்படலாம். இரண்டு இலக்கங்களையும் அரை எம் அகலத்தில் ஒரே சதுரத்துள் கிடையாக அமைப்பதே வழக்கமான தீர்வு. 'தத்தெ-சூ-யோக்கோ' என்னும் இதன் பெயருக்குச் செங்குத்துக்குள் கிடை என்பது பொருள். மூன்று இலக்கங்களுக்கு மூன்றிலொரு பங்கு அகலமுள்ள வடிவங்கள் சில எழுத்துருக்களில் உண்டு. அதற்கு மேற்பட்டவற்றைச் சீன எண்ணெழுத்துகளால் எழுதுவதே படிப்பதற்கு எளிது.

7. ரூபியும் அழுத்தப்புள்ளியும்

சீன எழுத்தின் ஒலிப்பை அதனருகே சிறிய கானா எழுத்துகளால் குறிப்பது ரூபி எனப்படும். இங்கிலாந்தில் 5.5 புள்ளி அளவுள்ள அச்செழுத்துக்கு வழங்கிய பெயரே ஜப்பானிய அச்சகங்களில் இக்குறிப்புக்கு ஆகிவந்தது. 10.5 புள்ளி எழுத்துக்கு 5.25 புள்ளி எழுத்தைத் துணையாக இட்ட ஈய அச்சு வழக்கம் இன்றும் தொடர்கிறது. ரூபியின் இயல்பளவு முதன்மை எழுத்தில் பாதி.

ஒரு சீன எழுத்தின்மேல் இரண்டு ரூபி எழுத்துகளே பொருந்தும். தோக்கியோ என்னும் பெயரில் இரண்டு சீன எழுத்துகள் உள்ளன. முதலாவதற்கு இரண்டு கானா. இரண்டாவதற்கு மூன்று கானா. மூன்று கானாவின் நீளம் ஒன்றரை எம் ஆதலால் அரை எம் மிகும். அதனை அடுத்துள்ள கானாவின்மேல் நீட்டுவதா, எழுத்துகளை விலக்கி இடம் செய்வதா, இரு எழுத்துகளுக்கும் பொதுவாகப் பகிர்வதா என்பதை மென்பொருள் முடிவு செய்ய வேண்டும். சில சொற்களில் ஒலிப்பை எழுத்துவாரியாகப் பிரிக்கவே இயலாது. 'இன்று' எனப் பொருள்படும் சொல் இரண்டு சீன எழுத்துகளால் எழுதப்படினும், 'க்யோ' என்னும் மூன்று கானா ஒலிப்பு அவ்விரண்டுக்கும் சேர்த்தே உரியது. ஆகவே எழுத்துக்குரிய ரூபி, தொகுதிக்குரிய ரூபி எனப் பயனர் வேறுபடுத்திக் குறிக்க வேண்டும். பிழையாகக் குறித்தால் குழந்தை வாசகர் ஒலிப்பைத் தவறான எழுத்தோடு இணைத்துக் கற்பார்.

சாய்வெழுத்து இம்மரபுக்கு உரியதன்று. அழுத்தம் தருவதற்கு எழுத்துதோறும் ஒரு புள்ளி இடப்படும். ஜப்பானியத்தில் அது கிடைவரியில் மேலும் செங்குத்து வரியில் வலப்புறமும் வரும். சீனக் கிடைவரியில் எழுத்தின் கீழே வரும்.

8. ஒரே குறியீட்டெண், வெவ்வேறு வடிவங்கள்

யூனிகோடு சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றில் பொதுவாக வழங்கும் சீன எழுத்துகளுக்கு ஒரே குறியீட்டெண்ணை அளித்தது. ஆயினும் வடிவ மரபுகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. எலும்பைக் குறிக்கும் எழுத்தின் மேற்பகுதியிலுள்ள சிறு மடிப்பு சீனப் பெருநிலத்து வடிவில் இடப்புறமும் ஜப்பானிய வடிவில் வலப்புறமும் அமையும். எனவே உரைப்பகுதிக்கு மொழி எதுவெனக் குறிப்பதும் உரிய எழுத்துருவைத் தெரிவதும் இன்றியமையாதவை.

ஒரே நாட்டுக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. தோக்கியோவின் கத்சுஷிக்கா வட்டமும் நாரா மாநிலத்தின் கத்சுராகி நகரமும் தம் பெயரின் முதலெழுத்தாக ஒரே குறியீட்டெண்ணுடைய எழுத்தைக் கொண்டுள்ளன. ஆனால் அவ்வெழுத்தின் கீழ்ப்பகுதி இரண்டிலும் வேறுவேறு வடிவுடையது. ஒவ்வோர் ஊரும் தன் வடிவத்தையே அலுவல்முறையில் ஏற்றுள்ளது. 2004இல் ஜப்பானியத் தொழில்தரம் 168 எழுத்துகளின் மாதிரி வடிவங்களை மாற்றியதும், விண்டோஸ் விஸ்டாவின் எழுத்துருக்கள் அம்மாற்றத்தை ஏற்றதும், ஒரே கோப்பு இரு கணினிகளில் இரு வடிவில் தோன்றும் நிலையை ஏற்படுத்தின.

இதற்கு இரு தீர்வுகள் உள. எழுத்துருப் பண்பின்வழி மாற்று வடிவத்தைத் தெரிவது ஒன்று. அத்தெரிவு பக்க வடிவமைப்பில் மட்டும் தங்கும். உரையைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் மறைந்துவிடும். எழுத்தை அடுத்து வடிவத் தெரிவுக் குறியீட்டை இடுவது மற்றொன்று. யூனிகோடு இதற்கென 240 தெரிவுக் குறியீடுகளை ஒதுக்கியுள்ளது. இத்தெரிவு உரையின் பகுதியாகவே உடன்செல்லும். ஒருவரின் குடும்பப் பெயரோ ஊர்ப்பெயரோ உரிய வடிவில் அச்சாவது மரியாதை சார்ந்தது. ஆதலால் பெயர்ப்பட்டியல்களுக்கு இரண்டாம் வழியே உகந்தது.

9. வட்டார வேறுபாடுகள்

கிழக்காசியம் என ஒருமையில் கூறினும் நெறிகள் ஒன்றல்ல. சீனப் பெருநிலத்தில் கிடைவரிக் காற்புள்ளி சதுரத்தின் கீழ்மூலையில் நிற்கும். தைவானிலும் ஆங்காங்கிலும் சதுரத்தின் நடுவில் நிற்கும். நடுவில் நிற்கும் குறிக்கு இருபுறமும் வெற்றிடம் இருப்பதால் ஜப்பானிய இடைவெளி அட்டவணை அங்குப் பொருந்தாது. தைவான் பாடநூல்களில் ஒலிப்புக் குறிகள் கிடைவரியிலும் எழுத்தின் வலப்புறத்தில் இடப்படுகின்றன. கொரியத்தில் சொல்லிடைவெளி உண்டு. நிறுத்தக்குறிகள் உரோமன் அகலத்தில் அமைகின்றன. வரியைச் சொல்லெல்லையிலோ அசையெல்லையிலோ முறிக்கலாம்.

இன்டிசைனில் இக்கூறுகளுக்கான பட்டிகள் நெடுங்காலம் கிழக்காசியப் பதிப்புகளில் மட்டுமே காட்டப்பட்டன. அங்கு உருவாக்கிய கோப்பைப் பிற பதிப்பில் திறந்தால் பண்புகள் அழிவதில்லை. அவற்றை மாற்றுவதற்கான வழியே கண்ணுக்குத் தெரிவதில்லை. பலமொழி நூல்களைப் பதிப்பிப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

10. எழுதப்பட்ட நெறி

மேற்கூறிய நெறிகள் தொடக்கத்தில் அச்சுக்கோப்பாளரின் கைப்பழக்கமாகவும் பதிப்பகங்களின் உள்விதிகளாகவும் இருந்தன. ஜப்பானியர் அவற்றைத் தொகுத்து 1993இல் ஜே.ஐ.எஸ். எக்ஸ் 4051 என்னும் தொழில்தரமாக வெளியிட்டனர். அது 1995இலும் 2004இலும் திருத்தம் பெற்றது. 2009இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஜப்பானிய உரை அமைப்புத் தேவைகளை ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் ஆவணமாக வெளியிட்டது. ஜப்பானிய மொழி அறியாத மென்பொருள் பொறியாளரும் அடைப்புக்குறிகளுக்கிடையே ஏன் அரை எம் வேண்டும் என்பதை அறிய அது வழிசெய்தது. 2011இல் வெளிவந்த இ-பப் 3 மின்னூல் வடிவம் செங்குத்து வரியை ஏற்றது. சீனத்துக்கும் கொரியத்துக்கும் இத்தகைய ஆவணங்கள் பின்னர் உருவாயின.

11. முடிவுரை

பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிழக்காசிய எழுத்துகளை அமைப்பது அழகூட்டும் பணியன்று. படிப்பதற்கு உரிய அமைப்பை உருவாக்கும் பணியாகும். சதுரம் வரியின் நீளத்தை முடிவு செய்கிறது. எழுத்தின் வகை இடைவெளியை முடிவு செய்கிறது. வரியின் திசை எழுத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. இவை அனைத்தையும் மென்பொருள் தானாக அறிந்ததன்று. தொழிலறிந்தோர் வரையறுத்துக் கொடுத்த பின்னரே அது கற்றது.

தமிழும் இவ்வகை நெறிகள் அற்றதன்று. உயிர்மெய்யின் குறியை எழுத்திலிருந்து பிரிக்கலாகாது. புள்ளியெழுத்தை வரியின் தொடக்கத்தில் நிறுத்தலாகாது என்பன தமிழ் அச்சுக்கோப்பாளர் கையால் காத்த விலக்குகள். முன்னதை யூனிகோடு வழிப்பட்ட மென்பொருள்கள் காக்கின்றன. பின்னது, குறுகிய பத்திகளில் சொற்களை முறிக்கும்போது இன்றும் மீறப்படுவதைக் காணலாம். ஈய அச்சில் பழகிய தலைமுறை குறைந்துவரும் இக்காலத்தில், அவர்தம் கைவழக்கைத் தொகுத்துத் தெளிவான விதிகளாக எழுதிவைப்பது தமிழ்ப் பதிப்பியல் ஆய்வு மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஜப்பானிய அனுபவம் அதற்கு வழிகாட்டுகிறது.